சும்மா இருக்கிற கருவி

ஊறுகாய் போட்டு வைத்த பிளாஸ்டிக் டப்பாவை எத்தனை தடவை தேய்த்தாலும் வாசம் போவதில்லை. அது மேலே ஒட்டிய வாசமாக இருந்தால் கழுவினால் போய்விடும். பிளாஸ்டிக்குக்குள்ளேயே ஊறிவிட்டதால்தான் நிற்கிறது. எண்ணெய்ப் பசையோடு சேர்கிற ரசாயனத்தை இழுத்து வைத்துக்கொள்வது பாலிமர்களின் சுபாவம். வீட்டில் நாம் சலித்துக்கொள்ளும் இந்தக் குணத்தைத்தான் காற்றை அளக்கிறவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

அவர்கள் தொங்கவிடும் கருவியைப் பார்த்தால் சிரிப்பு வரும். மெத்தையில் இருக்கிற அதே பாலியூரித்தேன் ஃபோம், 14 சென்டிமீட்டர் அகல வட்டமாக வெட்டியது. அதை மூடினாற்போல இரண்டு எவர்சில்வர் கிண்ணங்கள். மோட்டார் இல்லை, கரன்ட் வேண்டாம். ஒரு நாளைக்குச் சுமார் 4 கன மீட்டர் காற்றில் இருப்பதை அது தன்பாட்டுக்கு வாங்கிக்கொள்ளும். இரண்டு மூன்று மாதம் கழித்து எடுத்துக் கரைப்பானில் இறக்கினால், பூச்சிமருந்து, தீத்தடுப்பு ரசாயனம், மின்மாற்றி எண்ணெயில் இருந்த பி.சி.பி. என்று ஒவ்வொன்றாக வெளியே வரும். ஒரு சங்கடம் உண்டு. புது ஃபோமிலேயே தயாரிப்பு ரசாயனம் இருக்கும் என்பதால் முதலில் அதைக் கழுவித் தீர்க்க வேண்டும். கூடவே இன்னொரு ஃபோமையும் அந்த இடத்துக்குக் கொண்டுபோய், திறந்து மூடி, திருப்பி எடுத்துவந்து அளப்பார்கள். சும்மா போய் வந்ததில் என்ன ஏறியது என்று தெரிந்தால்தான் மற்றதை நம்பலாம். இந்த நேர்மை எனக்குப் பிடிக்கும்.

தமிழ்நாட்டுக்கு இது புதிதல்ல. பறங்கிப்பேட்டைக் காற்றில் பூச்சிமருந்து பருவத்துக்குப் பருவம் எப்படி ஏறி இறங்குகிறது என்று தமிழக, ஜப்பானிய ஆய்வாளர்கள் சேர்ந்து செய்த ஆய்வு 1989-லேயே வெளிவந்தது. அப்போது வயலில் தாராளமாகப் புழங்கிய பி.எச்.சி. என்ற பூச்சிமருந்துக்கு இந்தியாவில் தடை வந்தது 1997-ல். பிறகு சென்னை உட்பட ஏழு நகரங்களில் ஃபோம் வட்டுகளைத் தொங்கவிட்டுப் பார்த்தார்கள். அந்த ஏழில் எங்கள் பனியன் ஊர் திருப்பூர் இல்லை.

திருப்பூரில் நெருப்பெரிச்சல் பக்கம் சட்டையில் படம் அடிக்கும் ஒரு பிரிண்டிங் பட்டறைக்குள் நுழைந்தால் மூக்குக்கு உடனே தெரியும். பிளாஸ்டிசால் மை என்பது பி.வி.சி. தூளை இளக்கியில் குழைத்த பசை. அந்த இளக்கி பல காலம் தாலேட் வகை ரசாயனமாகவே இருந்தது. சட்டையில் படம் ஏறியதும் கியூரிங் மெஷினில் 150, 160 டிகிரியில் வேகும். மறுமுனையில் நிற்கிறவர் சூடு ஆறுவதற்குள் பீஸை வாரி அடுக்குவார். செக்கிங்கில் கறை எடுக்கும் ஸ்ப்ரே அடிக்கிற அக்கா, "சாயங்காலமானா தலை கிண்ணுங்குதுங்க, வெயிலுக்குங்க" என்பார். வெயிலாகவும் இருக்கலாம். அளந்தால்தானே தெரியும்?

இங்கே தண்ணீரைப் பற்றிப் பேசினோம் என்றால் அதற்குக் காரணம் இருந்தது. நொய்யல் ஆற்றில் சாயத்தின் நிறம் கண்ணுக்குத் தெரிந்தது. ஒரத்துப்பாளையம் அணைக்குக் கீழே நிலம் கெட்ட விவசாயிகள் இருந்தார்கள், கோர்ட்டுக்குப் போனார்கள். 2011 ஜனவரியில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி உயர்நீதிமன்றம் உத்தரவிட்டதற்குப் பின்னால் இருந்தது அவர்களுடைய பிடிவாதம். பட்டறைக்குள் இருக்கும் காற்றுக்குக் கடைமடை கிடையாது. அது தொடங்குகிற இடத்திலேயே யாரோ ஒருவருடைய நெஞ்சுக்குள் முடிந்துவிடுகிறது. வழக்குப் போட வேண்டியவரும் அந்த வேலையில் இருப்பவரும் ஒரே ஆள். வாரக்கூலி சனிக்கிழமை வாங்க வேண்டும்.

அந்த ஆளுக்குப் பக்கத்தில் போகிற கருவியும் வந்துவிட்டது. அமெரிக்காவின் ஆரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் கிம் ஆண்டர்சன் குழு, சாதாரண சிலிக்கோன் ரப்பர் கைப்பட்டையைச் சுத்தம் செய்து, கூரைக்குத் தார் பூசும் தொழிலாளர்களுக்கு மாட்டிப் பார்த்து 2014-ல் முடிவை வெளியிட்டது. தாலேட்டுகளும் புகையின் கரிமச் சேர்மங்களும் அதில் நன்றாகவே ஏறும். ஃபார்மால்டிஹைடு சரியாகப் பிடிபடாது, அதற்கு வேறு பேட்ஜ் தேவை. எந்த மணிக்கு எவ்வளவு என்றும் பட்டை சொல்லாது, மொத்தமாகத்தான் சொல்லும்.

யோசித்தால், பட்டை செய்வதை உடம்பும் செய்துகொண்டுதான் இருக்கிறது. பி.எச்.சி. மாதிரியானவை கொழுப்பில் வருடக்கணக்கில் தங்கும். தாலேட் ஓரிரு நாளில் சிறுநீரோடு போய்விடும், அடுத்த ஷிப்டில் மறுபடி உள்ளே வரும். வேண்டாம் என்று சொல்லும் வழி ஃபோமுக்கும் இல்லை, பட்டைக்கும் இல்லை, பன்னிரண்டு மணி நேரம் மெஷின் முன்னால் நிற்கிறவருக்கும் இல்லை. உடம்பில் ஏறியதை யாரும் லேபுக்கு அனுப்பி வாசிப்பதில்லை என்பதுதான் வித்தியாசம்.

சட்டையை மட்டும் வாசிக்கிறோம். 2020 நவம்பர் முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்கும் உடுப்பில் 33 ரசாயனங்களுக்கு வரம்பு இருக்கிறது. அதில் வரும் தாலேட்டுகளுக்குக் கிலோவுக்கு 1000 மில்லிகிராம். தாலேட் இல்லாத மைகள் இப்போது கிடைக்கின்றன என்றால் இப்படிப்பட்ட சட்டங்களுக்கு அதில் பங்கு உண்டு. அந்தச் சட்டங்கள் அங்கே உடுத்துகிறவரை நினைத்து எழுதியவை. இங்கே அடிக்கிறவருக்குக் கிடைத்த நன்மை கொசுறு.

சரக்கு வாங்கும் பையருக்கு அனுப்பும் காஸ்டிங் ஷீட்டில் நூல், நிட்டிங், டையிங், காம்பேக்டிங், பிரிண்டிங், டெஸ்டிங் என்று வரிசையாக எழுதுகிறோம். டெஸ்டிங் என்ற அந்த வரியில் பத்துக் கைப்பட்டைகளையும் அவற்றின் லேப் செலவையும் சேர்த்து, ஒரே ஒரு ஆர்டருக்காவது விலை சொல்லிப் பார்க்கலாம். ரிப்போர்ட்டின் முதல் பிரதி மெர்ச்சண்டைசருக்குப் போகாமல், பட்டையை மாட்டியிருந்தவர் கைக்குத் தமிழில் போக வேண்டும்.