சொல்லிவிட்டுப் போவதும் அமானத்தே!

ஷஃபான் மாதத்தில் ஒரு நாள், அஸர் தொழுகை முடிந்து ஜமாஅத்தார் கலைந்தபின், எங்கள் மஹல்லாவைச் சேர்ந்த பெரியவர் ஒருவர் என்னருகே வந்து அமர்ந்தார். ஜவுளிக் கடை ஒன்றில் 27 ஆண்டுகளாகக் கணக்கு எழுதிவருபவர். ஐவேளையும் முதல் ஸஃப்பில் காணக்கூடியவர்.

"ஹஜ்ரத், ஒரு மஸ்அலா கேட்க வேண்டும்" என்றார்.

"கேளுங்கள் பாய்."

"வருகிற நோன்புப் பெருநாளோடு வேலையை விட்டு நின்றுவிட முடிவு செய்துவிட்டேன். கண்பார்வை மங்கிவிட்டது. மகன் சம்பாதிக்கிறான். 'போதும் வாப்பா, வீட்டில் இருங்கள்' என்கிறான். இதை முதலாளியிடம் முன்கூட்டியே சொல்வது கடமையா? பெருநாள் கழித்து, 'நாளை முதல் வரமாட்டேன்' என்று சொன்னால் குற்றமாகுமா?"

"இதில் என்ன சந்தேகம் வந்தது?"

அவர் சற்றுத் தயங்கினார். "பெருநாளைக்கு முதலாளி வருடா வருடம் ஒரு தொகை கொடுப்பார். போகிறவன் என்று தெரிந்துவிட்டால் கொடுப்பாரோ, மாட்டாரோ. முன்பு ஒருவர் இப்படி முன்கூட்டியே சொன்னார். மறுநாளே கணக்கை முடித்து அனுப்பிவிட்டார்கள். 'பெருநாள் காசு கைக்கு வரும்வரை வாயைத் திறக்காதீர்கள்' என்று வீட்டில் சொல்கிறாள்."

அவருக்கு நான் உடனே பதில் சொல்லவில்லை. ஏனெனில் அந்த அம்மாள் சொன்னது பேராசைக்காரியின் பேச்சல்ல. மாதச் சம்பளத்தில் குடும்பத்தைக் கரை சேர்த்த ஒரு பெண்ணின் பயம் அது. "உண்மையைச் சொல்லுங்கள், அல்லாஹ் தருவான்" என்று மிம்பரில் நின்று சொல்வது எனக்கு எளிது. நஷ்டம் அவருடையது. ஆகவே மார்க்கம் இதில் எதைக் கேட்கிறது, எதைக் கேட்கவில்லை என்பதைப் பிரித்துப் பார்த்தே சொல்லவேண்டும் என்று ஒரு நாள் தவணை கேட்டேன். அவருக்குச் சொன்னதையே இங்கு வாசகர்களுக்கும் சமர்ப்பிக்கிறேன். இந்தக் கேள்வி அவர் ஒருவருடையதல்ல.

வேலையை விடுவதைச் சொல்வது வெறும் மரியாதை என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். தொழுகை, நோன்பு, ஜகாத் மார்க்கம். கடைக்குள் நடப்பது உலக விவகாரம் என்று ஒரு கோடு கிழித்துக்கொள்கிறோம். இது பெரும் பிழை. கூலிக்கு உழைப்பது இஜாரா என்னும் உடன்படிக்கை. உடன்படிக்கைகளை நிறைவேற்றுங்கள் என்ற கட்டளையோடுதான் ஸூரத்துல் மாயிதாவே தொடங்குகிறது. நிக்காஹ் எப்படி உடன்படிக்கையோ, வியாபாரம் எப்படி உடன்படிக்கையோ, அப்படியே இதுவும்.

கூலிக்கு வேலை செய்த நபி ஒருவரின் சரித்திரத்தை அல்லாஹ் திருமறையில் விவரமாகவே கூறுகிறான். மூஸா (அலை) அவர்கள் மிஸ்ரிலிருந்து தப்பி, மத்யன் நகருக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கே ஒரு முதியவரின் மகள், "இவரை வேலைக்கு அமர்த்திக்கொள்ளுங்கள். பலமும் நம்பிக்கையும் உடையவரே வேலைக்கு அமர்த்தச் சிறந்தவர்" என்ற கருத்தில் தந்தையிடம் பரிந்துரைத்தார். தந்தை என்ன செய்தார்? காலத்தை முதலிலேயே தெளிவாகப் பேசினார். 8 ஆண்டுகள் கட்டாயம். 10 ஆண்டுகளாக நிறைவு செய்தால் அது உம் விருப்பம். உமக்குச் சிரமம் தர நான் நாடவில்லை என்றார். மூஸா (அலை) அவர்களும், இவ்விரு தவணைகளில் எதை நிறைவேற்றினாலும் என்மீது வரம்பு மீறல் கூடாது என்று தம் பக்கத்தைத் தெளிவுபடுத்தி, அல்லாஹ்வைச் சாட்சியாக்கினார்கள் (28:26-28). இரண்டில் எதை நிறைவு செய்தார்கள் என்று கேட்கப்பட்டபோது, நீண்டதையே என்று இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் விடையளித்ததாக ஸஹீஹுல் புகாரியில் வருகிறது. தவணை முடிந்த பிறகே குடும்பத்தாருடன் புறப்பட்டார்கள்.

இதில் இரு பாடங்கள் உண்டு. எப்போது போகலாம் என்பது இரு தரப்பாருக்கும் தெரிந்திருந்தது. யாரும் யாரையும் இருட்டில் வைக்கவில்லை. "சிரமம் தர நாடவில்லை" என்று முதலில் சொன்னவர் வேலைக்காரர் அல்லர்; வேலை கொடுத்தவர். அந்த இரண்டாவது பாடத்திற்குப் பின்னர் வருகிறேன்.

நமது கடைகளில் இவ்வளவு தெளிவாக யாரும் பேசுவதில்லை. "மாதம் இவ்வளவு" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். இப்படிப் பேசிய உடன்படிக்கையில், ஒவ்வொரு மாதம் முடியும்போதும் இரு தரப்பாருக்கும் விலகிக்கொள்ளும் உரிமை உண்டு என்பது ஹனஃபி ஃபிக்ஹு நூல்களில் உள்ள சட்டம். அப்படியானால் மாதக் கடைசியில் எழுந்து போய்விடலாமே என்று கேட்கலாம். ஆனால் அதே ஃபிக்ஹுதான் இன்னொன்றையும் சொல்கிறது: வழக்கத்தில் அறியப்பட்டது, வாயால் நிபந்தனை இட்டதைப் போன்றதே. உஸ்மானிய ஆட்சியில் 1869 முதல் 1876 வரை தொகுக்கப்பட்ட 'மஜல்லா' என்னும் சட்டத் தொகுப்பிலும் இது ஒரு விதியாக இடம்பெற்றுள்ளது. நிற்பதாக இருந்தால் ஒரு மாதத்திற்கு முன் சொல்வது உங்கள் கடைவீதியின் வழக்கமானால், நீங்கள் வேலைக்குச் சேர்ந்த அன்றே அதற்கும் சேர்த்துச் சம்மதித்துவிட்டீர்கள். எழுதிக் கையெழுத்திட்ட இடத்தில் இதில் பேச்சே இல்லை. முஸ்லிம்கள் தாங்கள் ஏற்ற நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டவர்கள்.

"முதலாளியே நேர்மையில்லாதவராக இருந்தால்?" என்பதுதான் அடுத்த கேள்வி. எதிரிகளுடன் செய்த உடன்படிக்கையைப் பற்றியே அல்லாஹ் ஒரு விதி வகுத்துள்ளான். ஒரு கூட்டத்தார் துரோகம் செய்வார்கள் என்று அஞ்சினால், உடன்படிக்கை முடிந்தது என்பதை இரு தரப்பும் சமமாக அறியும்படி அவர்களிடமே வெளிப்படையாகத் தெரிவித்துவிட வேண்டும் (8:58). சொல்லாமல் முறிப்பதற்கு அனுமதி இல்லை. முஆவியா (ரலி) அவர்கள் ரோமர்களுடன் செய்திருந்த உடன்படிக்கையின் தவணை முடியும் தறுவாயில், முடிந்தவுடன் தாக்கலாம் என்று படையை எல்லை நோக்கி நகர்த்தினார்கள். அப்போது குதிரையில் ஒருவர் தக்பீர் முழங்கியபடி வந்து, வாக்கைக் காப்பதே வேண்டும், மோசடி வேண்டாம் என்று குரல் கொடுத்தார். அவர் அம்ரு இப்னு அபஸா (ரலி) என்னும் ஸஹாபி. தவணை முடியும்வரை, அல்லது சமமாக அறிவிக்கும்வரை, உடன்படிக்கையின் முடிச்சைத் தொடக்கூடாது என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கூறக் கேட்டதாக அவர் அறிவித்தார். முஆவியா (ரலி) அவர்கள் படையோடு திரும்பிவிட்டார்கள். திர்மிதீயிலும் அபூதாவூதிலும் இது பதிவாகியுள்ளது. பகைவனுக்கே இந்த உரிமை என்றால், 27 ஆண்டுகள் சம்பளம் தந்தவருக்கு அது இல்லாமல் போகுமா?

எனினும், சொன்னால் பெரும் தீங்கு நேரும் என்ற நிலையும் உண்டு. பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைத்துக்கொள்பவர், மாதக்கணக்கில் சம்பளத்தை நிறுத்தி வைப்பவர், கை நீட்டி அடிப்பவர் ஆகியோரிடம் வேலை செய்பவரை, "நாள் குறித்துச் சொல்லிவிட்டுப் புறப்படு" என்று மார்க்கம் வற்புறுத்தவில்லை. நாயகம் (ஸல்) அவர்கள் மக்காவை விட்டு ஹிஜ்ரத் சென்றது இரகசியமாகத்தான். உயிருக்கு ஆபத்து இருந்தது. ஆனால் போகும்போது என்ன செய்தார்கள்? மக்காவாசிகள் தங்களிடம் ஒப்படைத்திருந்த அமானத்துகளை உரியவர்களிடம் சேர்க்க அலீ (ரலி) அவர்களை விட்டுச் சென்றார்கள். போகும் நாளைத்தான் மறைத்தார்கள்; பிறருடைய பொருளை அல்ல. ஆக, அநியாயக்காரரிடம் நாளைச் சொல்லாமல் போக இடமுண்டு. சாவியை, பணத்தை, கணக்கை ஒப்படைக்காமல் போக யாரிடத்திலும் இடமில்லை.

நம் பெரியவரின் முதலாளி அப்படிப்பட்டவர் அல்லர் என்று அவரே ஒப்புக்கொண்டார். சம்பளம் ஒரு மாதமும் தவறியதில்லை. இருந்தது ஒரே பயம்: பெருநாள் தொகை. அதையும் எடைபோட்டுப் பார்த்தோம். அது பேசிய கூலியாக இருந்தால், போகிறவருக்கும் சேரவேண்டிய ஹக்கு, தைரியமாகக் கேட்கலாம். முதலாளி மனமுவந்து தரும் இனாமாக இருந்தால், "இவர் அடுத்த வருடமும் இருப்பார்" என்ற எண்ணத்தில் அவர் தருவதை, இல்லையென்று தெரிந்துகொண்டே வாங்குவது எப்படிப்பட்டது? ஹராம் என்று நான் சொல்லவில்லை. வாங்குபவரும் விற்பவரும் உண்மை பேசித் தெளிவுபடுத்தினால் பரக்கத் உண்டு, மறைத்தால் அது அழிக்கப்படும் என்பது நாயக வாக்கின் கருத்து. உழைப்பை விற்பவருக்கும் இது பொருந்தும் அல்லவா?

இன்னொன்றையும் கேட்டேன். "நீங்கள் திடீரென்று நின்றால் கடையில் என்ன ஆகும்?" அவர் சிரித்துவிட்டார். "வெளியூர் வியாபாரிகளின் பாக்கி பாதி பேரேட்டில் இருக்கிறது ஹஜ்ரத், பாதி என் தலைக்குள் இருக்கிறது" என்றார். அந்தத் தலைக்குள் இருப்பது யாருடைய சொத்து? முதலாளியின் சம்பளத்தில் சேர்ந்த அறிவு அது. அதை ஒரு புதியவருக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போவது அமானத்தை ஒப்படைப்பதாகும். அதற்கு நாள் வேண்டும். அந்த நாளைத் தருவதுதான் முன்னறிவிப்பு.

இதிலிருந்து எப்போது சொல்லவேண்டும் என்பதும் விளங்கும். "நின்றுவிடலாமா" என்று மனத்தில் ஓடும் எண்ணத்தை யாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. முடிவு உறுதியாகி, ஒப்பந்தமோ வழக்கமோ குறிக்கும் காலம் வந்துவிட்டால், அதன்பின் மௌனம் உங்களுடையதல்ல. அதற்கு முந்திச் சொல்வது பெருந்தன்மை, கடமையல்ல. ஆனால் இடையில் முதலாளி நேரடியாகக் கேட்டால் பொய் சொல்லக்கூடாது. "ரமளான் முதல் பிறைக்குச் சொல்லிவிடுங்கள். ஒரு மாதம் சரியாக இருக்கும்" என்றேன்.

வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்து, திரும்பாமலே இருந்துவிடும் நம் பிள்ளைகளும் இதைச் சிந்திக்கட்டும். உதாரணமாக, ஐக்கிய அரபு அமீரகத்தின் 2021-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டப்படி, ஒப்பந்தத்தை முடிக்க விரும்புபவர் 30 நாளுக்குக் குறையாமலும் 90 நாளுக்கு மேற்படாமலும் முன்னறிவிப்புத் தரவேண்டும். "ஊருக்குப் போய்விட்டு வருகிறேன்" என்று சொன்ன அந்த ஒரு சொல்லுக்கும் மறுமையில் கேள்வி உண்டு. எங்கள் கூட்டத்தாரையும் விட்டுவிடவில்லை. தராவீஹுக்கு அதிகம் தருகிறார்கள் என்று, ரமளான் பிறை பார்க்கும் நேரத்தில் வேறு பள்ளிக்குப் போய்விடும் இமாமும் முன்னறிவிப்பை மறந்தவரே. அதேபோல், இஷா தொழவைத்த இமாமிடம் "ஃபஜ்ருக்கு வேண்டாம்" என்று சொல்லும் ஜமாஅத் நிர்வாகமும் இதில் சேரும்.

முதலாளிமார்களே! மத்யன் முதியவரின் சொல்லுக்கு இப்போது வருகிறேன். நாட்டின் சட்டமே உங்கள்மீது ஒரு பொறுப்பை வைத்துள்ளது. தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டம், 1947, அதன் 41-ஆம் பிரிவின்படி, 6 மாதத்திற்குக் குறையாமல் தொடர்ந்து வேலை பார்த்தவரைத் தக்க காரணமின்றியும், ஒரு மாத முன்னறிவிப்போ அதற்குப் பதிலான சம்பளமோ தராமலும் நீக்கலாகாது. ஒழுங்கீனம் நிரூபணமானால் மட்டுமே அந்த முன்னறிவிப்பு வேண்டியதில்லை. சட்டத்துக்கு அப்பாலும் ஒன்று உண்டு. உண்மையைச் சொன்ன ஒருவரை மறுநாளே வெளியேற்றினால், மீதமுள்ள பத்துப் பேருக்கும் பொய்யைக் கற்றுக்கொடுத்தவர் நீங்கள்தான். வேலைக்காரர் சொல்லாமல் போவது அவர் குற்றம். சொல்ல முடியாதபடி அவரை வைத்திருந்தது உங்கள் குற்றம்.

ஷவ்வால் பாதியில் அந்தப் பெரியவர் மீண்டும் வந்தார். முதல் பிறையன்றே சொல்லிவிட்டாராம். முதலாளி இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. பிறகு ஒரு பையனை அனுப்பிக் கணக்கைக் கற்றுக்கொள்ளச் சொன்னார். பெருநாள் தொகை வந்தது, வழக்கத்தில் பாதிதான்.

"என் பேச்சைக் கேட்டு நஷ்டப்பட்டீர்களே பாய்" என்றேன். எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது.

"நஷ்டம்தான் ஹஜ்ரத். வீட்டில் இன்னும் சொல்லிக்காட்டுகிறாள்" என்றார். "ஆனால் கடைசி நாள் சாவியைக் கொடுத்து ஸலாம் சொன்னேன். முதலாளி எழுந்து நின்று முஸாஃபஹா செய்தார். இப்போது அந்தத் தெருவில் போனால் கடைக்குள் நுழைந்து உட்கார்ந்து வருகிறேன். சொல்லாமல் நின்றிருந்தால் சுற்றி வேறு தெருவில்தான் போகவேண்டியிருக்கும்."

நாம் எல்லாரும் ஒரு நாள் எல்லா வேலைகளையும் விட்டுப் போகிறவர்கள்தான். அந்தப் பயணத்துக்கு முன்னறிவிப்புத் தரும் வாய்ப்பு யாருக்கும் இல்லை. வாய்ப்புள்ள சிறு பயணங்களிலாவது, ஒப்படைக்க வேண்டியதை ஒப்படைத்து, சொல்ல வேண்டியதைச் சொல்லிச் செல்லும் தவ்ஃபீக்கை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.