கருதலளவையும் மின்னிருக்கையும்

13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார் இயற்றிய சைவ சித்தாந்த நூலாகிய சிவஞான சித்தியார் அளவைகளை, அதாவது உண்மையை அறியும் வாயில்களை, காட்சி, கருதல், உரை என்னும் மூன்றில் அடக்குகிறது. கருதல் என்பது கண்டதைக்கொண்டு காணாததை உய்த்துணர்தல். கடற்காற்றின் ஈரம் ஓயாத பினாங்கு ஜார்ஜ் டவுனின் கார்ப் பட்டறையில், நகராத மின்னிருக்கையின் பழுதை அறிவதும் இவ்வழியிலேயே. பொத்தானை அழுத்தும்போது மோட்டாருக்குச் செல்லும் வயரில் 12 வோல்ட் இருந்தும் மோட்டார் சுழலாவிடில், அதனையே பழுதெனத் துணிவது அவசரமாகும். இருக்கைக்கடியில் பச்சைக் களிம்பேறிய எர்த் இணைப்பும் அதே விளைவைத் தரும். களிம்பைச் சுரண்டி நீக்கியதும் மோட்டார் சுழன்றால், காரணம் நீங்க விளைவும் நீங்கும் என்னும் எதிர்மறை நிறைவேறிக் கருதல் உறுதிபெறுகிறது. உலகம் காரியமாதலின் அதற்கொரு கர்த்தா உண்டு எனக் கருதும் சித்தாந்தத்திற்கோ, இறைவனை நீக்கிப் பார்க்கும் சோதனை எக்காலத்தும் இயலாது. ஆகவேதான் அது ஆகமமாகிய உரையையும் துணைக்கொள்கிறது, அத்துணையைக் கருதலின் தோல்வியாகக் கொள்வது பொருந்தாது.