கைக்குப் பயிற்சி, மனச்சாட்சிக்கு?



மோட்டார் வண்டி ஓட்ட விரும்புபவன் பழகிப் பரீட்சையில் தேறிய பின்னரே சாரதி அனுமதிப் பத்திரம் பெறுகிறான். உடைக்குள் கைத்துப்பாக்கியை மறைத்துக்கொண்டு கடைத்தெருவில் நடமாட விரும்புபவனுக்கு எவ்வளவு பயிற்சி வேண்டும்? ஐக்கிய அமெரிக்காவில் இக்கேள்விக்கு ஒரே விடை இல்லை.

தற்காப்புக்காக வீட்டுக்கு வெளியே கைத்துப்பாக்கி கொண்டு செல்வது குடிமக்களின் உரிமை என 2022 ஜூனில் அந்நாட்டு உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. விசேட காரணம் காட்டினாலன்றி அனுமதி இல்லை என்ற நியூயோர்க் மாநிலச் சட்டம் வீழ்ந்தது. உடனே அம்மாநிலம் புதிய சட்டம் இயற்றியது: 16 மணித்தியால வகுப்பு, 2 மணித்தியாலச் சூட்டுப் பயிற்சி, எழுத்துப் பரீட்சையில் நூற்றுக்கு 80 புள்ளிகள். சச்சரவைத் தணித்தலும் தற்கொலையைத் தடுத்தலும்கூடப் பாடங்களாயின. டெக்சாஸ் மாநிலமோ 2021 இலேயே, 21 வயது நிரம்பிய, சட்டத் தடையற்ற எவருக்கும் அனுமதிப் பத்திரமே வேண்டியதில்லை என்று விட்டது. இன்று 50 மாநிலங்களில் பாதிக்கு மேற்பட்டவை இவ்வழியே செல்கின்றன.

உரிமை என்றால் பரீட்சை எதற்கு, கட்டணமும் நேரமும் ஏழையை விலக்கிவிடுமே என்று சிலர் கேட்கின்றனர். இதில் நியாயம் உண்டு. ஆனால் அதற்குப் பரிகாரம் பயிற்சியை இலவசமாக்குவதே, ஒழிப்பதன்று.

திருச்சபை தற்காப்பை மறுக்கவில்லை. தன் உயிரைக் காப்பதே நோக்கமாக இருக்க வேண்டும், தேவைக்கு மிஞ்சிய பலத்தைப் பயன்படுத்தினால் அது முறையற்றதாகும் என்பது புனித தோமஸ் அக்குவைனாஸ் வகுத்த நெறி. கணப்பொழுதில் இந்த அளவைக் கணிக்கப் பழகாதவனால் முடியுமா? இருளில் வந்தது திருடனா, பிந்தி வந்த மகனா என்று பாராமல் சுட்டவன், "தெரியாது" என்று சொல்லித் தப்ப இயலாது. அறியக்கூடியதை அறியாமல் விடுவதும் குற்றமே என்கிறது ஒழுக்கவியல். ஆகவே சட்டம் கேளாவிட்டாலும் மனச்சாட்சி பயிற்சியைக் கேட்கிறது.

ஆயினும் 80 புள்ளிகள் பெற்றவனுக்கும் கோபம் வரும், அச்சம் வரும். ஒலிவத் தோட்டத்தில் இராயப்பரிடம் வாளும் இருந்தது, ஆண்டவர்மேல் அன்பும் இருந்தது. வெட்டுண்டதோ ஓர் ஊழியனின் காது. ஆண்டவர் வாளை உறையிலிடச் சொன்னார், காதையும் குணமாக்கினார். புறப்பட்ட குண்டைத் திருப்பி அழைக்க நம்மில் எவராலும் முடியாது.

அந்நாட்டில் குடியேறிய பிள்ளைகளோடு தொலைபேசியில் பேசும் பெற்றோரே, துப்பாக்கி வாங்கியதாக மகன் சொன்னால், சுடத் தெரியுமா என்று கேட்காதீர்கள். "எப்போது சுடக்கூடாது என்று கற்றாயா?" என்று கேளுங்கள்.