தாழ்வாரத்துக் கத்தி

1

மருமகன் கைபேசியில் ஒரு கத்தியின் படத்தைக் காட்டினான். கறுப்புப் பூச்சு, முதுகில் வாள்பல், குழாய் போன்ற பிடி. பிடிக்குள்ளே தூண்டிலும் நெருப்புக்குச்சியும் வைக்கலாமாம். கூட்டாளிகளோடு குடும்பிமலைக் காட்டுப் பக்கம் இரண்டு இரவு தங்கப் போகிறான். “இது நல்லமா மாமா?”

“அங்க என்னத்த வெட்டப் போறாய் மனே?” என்று கேட்டேன்.

அவனுக்கு உடனே பதில் வரவில்லை. அவன் போன பிறகு நானும் மட்டக்களப்பு வாவிக்கரையில் அதையே யோசித்துக்கொண்டிருந்தேன்.

2

1978 நவம்பர் 23. எனக்கு அப்போது எட்டு வயது. இரவெல்லாம் சூறாவளி. விடிந்து பார்த்தால் ஊரில் நிமிர்ந்து நின்ற தென்னைகளை எண்ணிவிடலாம். ஒழுங்கையும் தெருவும் மரங்களுக்குக் கீழே கிடந்தன.

அம்மப்பா தாழ்வாரத்தில் செருகியிருந்த கத்தியை உருவினார். சரிந்த கூரையிலும் அது விழாமல் இருந்தது. முதலில் வாசலை மூடிய கொப்புகளைத் தறித்தார். விழுந்த தென்னையில் குரும்பை சீவி எங்களுக்குக் குடிக்கத் தந்தார், கிணற்றில் குப்பையும் உப்பும் கலந்திருந்ததால். பிறகு கம்பு வெட்டி, ஓலை போட்டு, ஒதுங்க ஓர் இடம் செய்தார். பெரிய குற்றிகளை அந்தக் கத்தி தொடவில்லை. தென்னையின் வெளிவைரத்தைக் கோடாலிதான் வெட்டும். கத்தியால் ஆகாததை அவர் கத்தியிடம் கேட்கவில்லை.

காட்டில் தங்குகிறவனுக்கும் இதே வேலைகள்தான்: வழி, தண்ணீர், கூரை, நெருப்பு.

3

அந்தக் கத்தியின் அலகு ஒரு சாணும் நாலு விரலும். அதைவிட நீண்டால் வீச்சு கூடும், கையும் சீக்கிரம் களைக்கும். களைத்த கையில்தான் காயம் வரும். ஒரு சாணுக்குக் குறைந்தால் கொப்புத் தறிக்க எடை போதாது. முதுகு ஐந்து மில்லிமீற்றர் அளவு தடிப்பு. மழையில் நனைந்த விறகின் உள்ளே உலர்ந்த வைரம் இருக்கும். அதை எடுக்க, கத்தியை விறகின் தலையில் வைத்து, முதுகில் இன்னொரு கட்டையால் தட்டிப் பிளக்க வேண்டும். முதுகில் வாள்பல் இருந்தால் தட்டும் கட்டையைத்தான் அது தின்னும்.

மடக்குக் கத்தி இதற்கு ஆகாது. மடங்கும் மூட்டுத்தான் அதன் பலவீனம். மணலும் உப்பும் முதலில் போய்ச் சேருவதும் அங்கேதான். குழாய்ப் பிடிக் கத்திக்கும் அதே குறை: அலகின் இரும்பு பிடியின் வாயோடு நின்றுவிடும், தட்டத் தட்ட அங்கே ஆட்டம் காணும். அலகும் வாலும் ஒரே இரும்பாக, பிடியின் கடைசி வரை போயிருக்க வேண்டும். அம்மப்பாவின் கத்திக்கு முதிரைப் பிடி, இரும்புப் பூண். கையை நனைத்துக்கொண்டு பிடித்துப் பார்த்துத்தான் வாங்குவாராம். மழையில் வழுகாத பிடி வெயிலிலும் வழுகாது.

4

வாவி ஐம்பத்தாறு கிலோமீற்றர் நீளம். கடலோடு கலப்பது பாலமீன்மடுவிலும் கல்லாற்றிலும். இரு கரையிலும் உப்புக்காற்று இரும்பைத் தின்கிறது. அப்படியானால் கறள் பிடிக்காத எவர்சில்வர்க் கத்திதானே நல்லது? மீன் வெட்ட அது நல்லதுதான். அந்த உருக்கில் நூற்றுக்குப் பத்துப் பங்குக்கு மேல் குரோமியம் உண்டு. கறளைத் தடுப்பது அதுதான். ஆனால் தறிக்கிற கத்திக்கு அடி தாங்கும் குணம் வேண்டும், காட்டில் கிடைக்கிற கல்லில் தீட்டவும் வேண்டும்.

நம்மூர்க் கம்மாலையில் லொறி வில்லுத்தகட்டைக் காய்ச்சி அடித்துக் கத்தி செய்வார்கள். ஆயிரக்கணக்கான மைல் பள்ளம் மேடெல்லாம் வளைந்து நிமிர்ந்த உருக்கு அது. கல்லில் விழுந்தால் வாய் மழுங்கும், சில்லாய்த் தெறிப்பது குறைவு. மழுங்கினதைக் கால்மணி நேரத்தில் தீட்டிவிடலாம். கறளுக்கு மருந்து, வேலை முடிந்ததும் துடைத்துத் தடவுகிற தேங்காய் எண்ணெய். அந்த ஒரு நிமிஷம் சோம்பாதவனுக்கு வில்லுத்தகட்டுக் கத்தி போதும்.

5

இந்த நாட்டு இரும்புக்கு இன்னும் பழைய கதை ஒன்று உண்டு. சப்ரகமுவ மலைச்சரிவில் சமனலவெவ என்ற இடம். தென்மேல் பருவக்காற்றே துருத்தியாக ஊத, ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே உலைகளில் இரும்பு உருக்கினார்கள். மேற்கே முகம் பார்த்து வரிசையாக நின்ற உலைகள். ஆய்வாளர் கில் ஜூலெஃப் அதே மாதிரி உலை கட்டி, அதே காற்றில் உருக்கிக் காட்டினார். 1996இல் ‘நேச்சர்’ இதழில் அது வெளியானது.

அந்தக் காற்று மலை கடந்து எங்களிடம் வரும்போது கச்சான். புழுதியும் வெக்கையுமாக வரும் அதைச் சின்ன வயதில் திட்டியிருக்கிறேன். இந்த மண்ணில் கத்திக்கு இரும்பு தந்த காற்று அது என்று இப்போது தெரியும்.

6

மருமகனுக்குச் சொல்ல இன்னொன்று உண்டு. வாவியோரக் கண்டல் காட்டில் தில்லை மரம் நிற்கும். வெட்டினால் பால் தெறிக்கும். கண்ணில் பட்டால் பார்வை கலங்கிப்போகும், தோலில் பட்டால் கொப்பளிக்கும். அடுப்பில் வைத்தால் புகையும் எரிச்சல். எந்த மரத்தில் கத்தி வைக்கக் கூடாது என்று தெரியாதவனுக்கு நல்ல கத்தி இருந்தும் பயனில்லை.

கத்தி வைக்கக் கூடாத மரத்துக்கு எங்களிடம் ஒரு கதையும் உண்டு. வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் கொக்கட்டிச்சோலைக் கோயில். வேடர் ஒருவர் கொக்கட்டி மரத்தை வெட்டியபோது இரத்தம் வடிந்ததாம், அங்கேதான் தான்தோன்றியாய் லிங்கம் இருந்ததாம். சின்ன வயதில் இந்தக் கதை கேட்கையில் என் மனம் லிங்கத்திடம் போகவில்லை, அந்த வேடரின் கையிடம் போனது. இரத்தத்தைக் கண்டதும் அவர் அடுத்த வெட்டை வெட்டவில்லை. ஓங்கிய கையை நிறுத்த முடிந்திருக்கிறது. எங்கள் கரையில் கத்திகள் மனிதர்மேல் ஓங்கப்பட்ட காலங்களையும் நான் கண்டேன். அதனால் இந்தக் கதை எனக்கு வயதோடு கனத்துக்கொண்டே போகிறது.

7

மருமகன் மறுபடி வந்தான். அம்மப்பாவின் கத்தியை எடுத்துக் கொடுத்தேன். பிடி இரண்டு முறை மாறியிருக்கிறது, தீட்டித் தீட்டி அலகும் ஒரு விரல் ஒடுங்கியிருக்கிறது. ஒரு பூவரசங் கொப்பைச் சரிவாகத் தறிக்கச் சொன்னேன். மூன்றாம் வெட்டில் விழுந்தது. அவன் படத்தைப் பற்றிப் பிறகு பேசவில்லை.

கரையில் இருப்பவர்களுக்கு ஒரு சொல். ஐப்பசி மழை தொடங்குமுன் வீட்டுக் கத்தியை எடுத்துப் பாருங்கள். பிடி ஆடுகிறதா பாருங்கள். தீட்டி, எண்ணெய் தடவி, பிள்ளைகளுக்கு எட்டாமலும் இருட்டில் உங்கள் கைக்கு எட்டுமாறும் செருகி வையுங்கள்.