கண் வைக்காத பொம்மை

ஆவடி, அம்பத்தூர் பக்கம் தையல் தெரிந்த கைகளுக்குப் பஞ்சமில்லை. ராணுவச் சீருடை தைக்கும் தொழிற்சாலையே ஆவடியில் இருக்கிறது. மிஞ்சிய துண்டுத்துணி வீட்டில் பொம்மையாவதில் வியப்பில்லை. ஆனால் சின்னப் பிள்ளை உள்ள வீட்டில் அந்த வேலை மதியத் தூக்கத்தின் நீளத்துக்குத்தான் நடக்கும். பிள்ளை விழித்தால் ஊசியும் கத்தரியும் அலமாரி மேல்தட்டுக்கு ஏறிவிட வேண்டும்.

அதற்குள் இன்னும் முகம் தைக்காத பொம்மை பிள்ளையின் இடுப்பில் ஏறியிருக்கும். அதற்குச் சோறும் ஊட்டியாகியிருக்கும். வேலை முடிந்ததா என்ற கவலை தைக்கிறவருக்கும் வாங்குகிறவருக்கும்தான். விளையாடுகிறவருக்கு ஏது? செம்மரத்தில் செதுக்கிய மரப்பாச்சிக்கும் முகம் பெயரளவுக்குத்தான். கல்யாணச் சீரோடு வந்த அந்த மரப்பாச்சி ஜோடி, பிறகு பிறந்த பிள்ளைகளின் கைக்குப் போனது, கடித்தாலும் தாங்கியது.

துணிப் பொம்மைக்கு அந்த உறுதி இல்லை. மூன்று வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பொத்தான் கண் ஆகாது. பிய்ந்தால் நேரே வாய்க்குள் போகும். கறுப்பு நூலில் நாலு தையல் போதும். அழகு கொஞ்சம் குறையும், குறையட்டும். விற்கும் பொம்மைக்கும் அதே நூல் கண்ணையே போடலாம். வாங்கும் வீட்டிலும் பல் முளைக்கும் வாய் ஒன்று இருக்கும்.