கருகமணியில் எத்தனை கிராம் தங்கம்?



ஷவ்வால் பிறந்துவிட்டால் நம் ஊர்களில் நிக்காஹ் தொடங்கிவிடும். மஹருக்கு, மணமகளுக்கு அன்பளிப்புக்கு என்று நகைக்கடைக்குப் போகாத குடும்பம் அரிது. போகும் முன், கைபர் நாளில் நடந்ததைக் கேளுங்கள்.

ஃபளாலா பின் உபைத் (ரலி) அவர்கள் 12 தீனாருக்கு ஒரு மாலை வாங்கினார்கள். பொன்னும் மணியும் கோத்த மாலை. பிரித்துப் பார்த்தால் தங்கம் மட்டுமே 12 தீனாரைத் தாண்டியது. அவர்களுக்கு நட்டமில்லை, லாபம்! நம்மில் ஒருவராக இருந்தால் வாயைத் திறந்திருப்போமா? அவர்கள் நபி (ஸல்) அவர்களிடம் போய்ச் சொன்னார்கள். தங்கத்தைத் தனியே பிரிக்கும் வரை அப்படி விற்கக் கூடாது என்று நபியவர்கள் தடுத்துவிட்டார்கள். ஸஹீஹ் முஸ்லிமில் இச்செய்தி உள்ளது.

அது பொற்காசுக்குப் பொன் வாங்கிய வியாபாரம். ரூபாய் கொடுக்கும் நாம் மணியைக் கழற்றித்தான் ஆக வேண்டும் என்பதில்லை. ஆனால் எதற்கு எவ்வளவு கொடுக்கிறோம் என்று தெரிய வேண்டாமா? நம் பெண்களுக்குக் கட்டும் கருகமணியும் அப்படிக் கோத்ததுதான். மொத்தத்தையும் தராசில் வைத்து விலை போட்டால், மணிக்கும் பவுன் விலை கொடுத்துவிட்டு வருவீர்கள். கல் வைத்த நெக்லஸிலும் இதே கதை. கல்லின் எடை, தங்கத்தின் நிகர எடை, செய்கூலி, சேதாரம் எல்லாவற்றையும் ரசீதில் தனித்தனியே எழுதச் சொல்லுங்கள். கேட்க வெட்கப்படாதீர்கள். மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்கிறோமே!

முத்திரையையும் பாருங்கள். பி.ஐ.எஸ். சின்னம், 22 காரட் என்றால் 916, கூடவே எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க ஹெச்.யு.ஐ.டி. 2023 ஏப்ரல் 1 முதல் நம் நாட்டில் ஹால்மார்க் நகை என்று விற்க இந்த ஆறு இலக்கம் கட்டாயம். பி.ஐ.எஸ். கேர் செயலியில் அதை அடித்தால் நகையின் வகையும் தரமும் வரும். திரையில் மோதிரம், கையில் வளையல் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். கே.டி.எம். என்பது பற்றவைப்பு முறையின் பெயர், தர முத்திரை அல்ல.

இனி கொடுப்பவருக்கு. கவரிங்கைக் கவரிங் என்று சொல்லிக் கொடுத்தால் குற்றமில்லை. மஹருக்கு இரும்பு மோதிரமாவது கிடைக்குமா என்று தேடிவர ஓர் ஏழைத் தோழரை நபியவர்கள் அனுப்பினார்கள். ஆனால் 5 பவுன் மஹர் என்று ஜமாஅத் பதிவேட்டில் எழுதிவிட்டு, அதில் ஒரு பவுன் முலாம் பூசியது என்றால்? பிள்ளையின் ஃபீஸுக்காக அடகுக்கடைப் படியேறும் நாளில், உரைகல்லில் தேய்த்தவரின் முகத்தைப் பார்த்து அந்தப் பெண் தெரிந்துகொள்வாள். அந்த ஒரு பவுன் இன்னும் கொடுபடவில்லை. கணவன் மவுத்தானாலும், வாரிசுகள் சொத்தைப் பங்கிடும் முன் அடைக்க வேண்டிய கடன் அது.

மாப்பிள்ளைக்குத் தங்க மோதிரம் வாங்குகிறவர்களே, அது அசலாக இருந்தாலும் ஆணுக்கு ஹராம். வெள்ளியில் வாங்குங்கள்.

கடைசியாகப் பழைய நகை. மட்டமான பேரீச்சம்பழம் இரண்டு ஸாவு கொடுத்து நல்லது ஒரு ஸாவு வாங்கிய பிலால் (ரலி) அவர்களிடம், அது வட்டி என்று நபியவர்கள் சொன்னார்கள். பழையதை விற்று, அந்தக் காசில் வாங்கும்படி வழி காட்டினார்கள். 10 கிராம் பழையதைத் தள்ளிவிட்டு 8 கிராம் புதியதை எடுப்பதும் அதே போன்றதுதான். முதலில் பழையதை விற்றுப் பணத்தைக் கையில் வாங்குங்கள், அதற்குத் தனி ரசீது கேளுங்கள். பிறகு புதியதைப் பாருங்கள், அதே கடையிலோ பக்கத்துக் கடையிலோ.