வாயில்லாச் சீவனுக்கு வாயாக இருப்பவர் யார்?

அய்யா துணை

அன்புக்கொடி மக்களே! பள்ளியிலும் கல்லூரியிலும் படிக்கின்ற பிள்ளைகளே!

தென்கோடியில் சாமித்தோப்பில் பிறந்த வழி இது. கடலோரத்தில் அய்யா சொன்ன சொல், சேலத்துக்கும் ஜோலார்பேட்டைக்கும் நடுவே ரயில் நின்று போகும் மொரப்பூர் வரைக்கும் இன்று ஏடாகவும் பேச்சாகவும் வந்து சேருகிறது. நீங்கள் இருக்கும் மாவட்டத்தின் பெயரிலேயே தர்மம் இருக்கிறது. பேரில் இருக்கும் தர்மம் நம் வீட்டு உலையில் இருக்கிறதா? அதைத்தான் இன்று சிந்திக்கப் போகிறோம்.

இந்தக் காலத்துப் பிள்ளைகள் பலருக்கு மனதில் ஒரு கலக்கம் உண்டு. வீட்டில் வளர்த்த ஆட்டுக்குட்டி தோள்மேல் ஏறி விளையாடியிருக்கும். திருவிழா அன்று அதுவே குழம்பாகி இலைக்கு வரும்போது பிள்ளைக்குக் கை எழாது. "இனி எனக்குக் கறி வேண்டாம். வாயில்லாச் சீவன்களுக்காக நான் பேசப்போகிறேன்" என்று சொன்னால் வீட்டார் சிரிப்பார்கள். "நாலு எழுத்துப் படித்ததும் பெரிய மனுஷனாகிவிட்டாயா?" என்று கேட்பார்கள். அப்படிப்பட்ட பிள்ளைக்கு அய்யா வழி என்ன சொல்கிறது?

பிள்ளாய், உன் மனதில் எழுந்தது நல்ல எண்ணம். அதை விட்டுவிடாதே. ஆனால் அதை எப்படிக் கொண்டு நடப்பது என்பதையும் அய்யாவிடமே கேட்டுக்கொள்.

பயத்தைப் போக்கினார், பலி நின்றது

அய்யா வைகுண்டர் 1809-ல் சாமித்தோப்பில் மனித வடிவம் கொண்டார். கொல்லம் ஆண்டு 1008, மாசி 20, அதாவது 1833-ல், திருச்செந்தூர்க் கடலிலிருந்து வைகுண்டராய் எழுந்து வந்தார். அந்தக் காலத்து ஏழை மக்கள் எதற்கெல்லாம் பயந்தார்கள் தெரியுமா? சர்க்காரின் வரிக்கு, கூலியில்லாத ஊழியத்துக்கு, மேலே இருப்பவரின் அடிக்குப் பயந்தார்கள். இவை போதாதென்று இரவில் பேய்க்கும் பயந்தார்கள். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் பேய், மாடு செத்தால் பேய், மழை பொய்த்தால் பேய். அந்தப் பேய்க்குக் கிடா வெட்டு, கோழி அறு, பன்றி குத்து என்றார்கள். கடன் வாங்கிப் பலி கொடுத்தான் ஏழை. பேயும் போகவில்லை, கடனும் தீரவில்லை.

அய்யா என்ன செய்தார்? பேய்களை எரித்தார் என்று அகிலத்திரட்டு அம்மானை நமக்குச் சொல்கிறது. அந்த வரலாற்றின் பொருளை நன்றாக எண்ணிப் பாருங்கள். "ஆட்டை வெட்டாதே" என்று முதலில் அதட்டவில்லை. ஆட்டை வெட்டவைத்த பயத்தை முதலில் எரித்தார். பயம் போனதும் கத்திக்கு வேலை இல்லாமல் போயிற்று. தெய்வத்துக்குக் காணிக்கை வேண்டாம், கைக்கூலி வேண்டாம், ஆடு கோழி வேண்டாம் என்ற உபதேசம் அதன் பிறகுதான் மக்கள் நெஞ்சில் நின்றது. இன்றும் நம் பதிகளிலும் நிழல் தாங்கல்களிலும் ரத்தம் சிந்துவதில்லை. பூவும் பழமும் நீரும் நாமமும் போதும் அய்யாவுக்கு.

மாசி மாதம் நமக்கு அய்யா அவதாரம் செய்த மாதம். அதே மாசியில் தர்மபுரிப் பக்கத்தில் மயானக் கொள்ளை நடக்கிறது. அம்மனுக்கு நேர்ந்துகொண்ட ஆடும் கோழியும் வெட்டப்படுவதும் உண்டு. அந்தத் தாயை நாம் ஒரு சொல் குறைத்துப் பேசமாட்டோம். ஒன்றே ஒன்றுதான் கேட்கிறோம். உலகத்து உயிர்க்கெல்லாம் அவள் தாய் என்றால், ஆட்டுக்குட்டிக்கும் அவள்தானே தாய்? ஒரு பிள்ளையைக் காப்பாற்ற இன்னொரு பிள்ளையின் ரத்தத்தைக் கேட்பாளா பெற்றவள்?

எழுநூறு குடும்பம் மாறிய விதம்

"நாங்கள் பரம்பரையாக மீனும் கறியும் தின்ற குடும்பம். எங்களால் முடியுமா?" என்று சிலர் கேட்பார்கள். துவையல் தவசை நினைத்துப் பாருங்கள். அய்யா சொல்லுக்குக் கட்டுப்பட்டு எழுநூறு குடும்பத்தார் கடலோரத்தில் வாகைப்பதிக்குப் போனார்கள். தினம் மூன்று வேளை குளித்தார்கள், துணி துவைத்து உடுத்தார்கள். பகலில் ஒருவேளை மட்டும் அரிசியும் சிறுபயறும் சேர்த்துச் சமைத்துச் சாப்பிட்டார்கள். மீன் பிடிக்கும் கடல் கண்ணெதிரே கிடந்தது. ஆனாலும் மீனைத் தொடவில்லை.

அவர்கள் முனிவர்கள் அல்லர். பனை ஏறியவர்கள், கூலிக்குப் போனவர்கள், பிள்ளைகுட்டிக்காரர்கள். ஒவ்வொருவராய் மலைமேல் ஏறித் தவம் செய்யவில்லை, கூடி இருந்து செய்தார்கள். உணவை மாற்ற வேண்டுமானால் துணை வேண்டும். தனியே மாறுகிறவன் பத்து நாளில் சோர்ந்துபோவான். கூடி மாறுகிறவர்கள் நிலைத்து நிற்பார்கள். உன் வகுப்பில் உன்னைப்போல் எண்ணமுள்ள இரண்டு பிள்ளைகள் இருந்தால் அவர்களோடு சேர்ந்துகொள். அதுவே உன் வாகைப்பதி.

உடம்புக்குச் சத்து வேண்டாமா என்று அம்மா கவலைப்படுவாள். அது நியாயமான கவலை. அவளுக்குப் பதில் உங்கள் மண்ணிலேயே விளைகிறது. கேழ்வரகு விளையும் சீமை இது. நூறு கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. களியோடு கொள்ளு, அவரை, மொச்சை, துவரை, கீரை சேரட்டும். பாலோ மோரோ தினமும் இருக்கட்டும். பி12 என்னும் உயிர்ச்சத்து செடிகொடிகளில் கிடைப்பதில்லை, பாலில் உண்டு. சோர்வு கண்டால் மருத்துவரிடம் போய்க் கேட்டுக்கொள். உடம்பை வாட்டி விரதம் இருக்கச் சொல்லவில்லை அய்யா வழி. உடம்பு இருந்தால்தான் தர்மம் செய்ய முடியும்.

புலி படுத்த கதை

அய்யாவைத் திருவிதாங்கூர் அரசு பிடித்துக்கொண்டு போய்ச் சிறை வைத்தது. பசித்த புலியின் முன்னே நிறுத்தியது. கூண்டுக்குள் இருந்த புலி சீறவில்லை, பாயவில்லை. அய்யாவின் முன்னே அடங்கிப் படுத்தது. நம் குழந்தைகளுக்கும் தெரிந்த வரலாறு இது.

இதைச் சொல்லும்போது அய்யாவின் வல்லமையை வியந்து நிறுத்திவிடுகிறோம். இன்னும் ஒரு படி போய்ப் பாருங்கள். அந்தப் புலியும் ஒரு கைதிதான். காட்டில் திரிந்ததைப் பிடித்து, பட்டினி போட்டு, அடுத்தவரைக் கொல்ல ஆயுதமாக்கினார்கள். உள்ளே இருந்த புலிக்கும் வெளியே நின்ற அய்யாவுக்கும் துன்பம் செய்த கை ஒன்றேதான். புலிக்கு அது தெரிந்தது. ஆட்டிவைத்த மனிதனுக்குத்தான் தெரியவில்லை. வாயில்லாச் சீவனின் துன்பமும் ஒடுக்கப்பட்ட மனிதனின் துன்பமும் வேறுவேறு அல்ல என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

திருவிதாங்கூரில் மனிதரையே விலைக்கு வாங்கி விற்றார்கள். அந்த அடிமை முறை ஒழிந்தது 1855-ல், அய்யா வைகுண்டம் ஏகிய நான்கு ஆண்டுக்குப் பிறகு. மனிதனை மாடாக நடத்திய காலத்தில், கீழே கிடப்பவரைத் தூக்கிவிடுவதே தர்மம் என்று அய்யா சொன்னார். இன்று எல்லாருக்கும் கீழே கிடப்பது எது? கழுத்தில் கயிற்றோடு நிற்கும் அந்தச் சீவன்தான்.

சட்டம் சொன்னது, மனம் கேட்கவில்லை

சட்டம் போட்டு நிறுத்தினால் என்ன என்று பிள்ளைகள் கேட்கலாம். நம் மாநிலத்திலேயே அது நடந்தது. கோயில்களில் ஆடு கோழி பலியிடுவதைத் தடுக்க 1950-ல் ஒரு சட்டம் வந்தது. அரை நூற்றாண்டு அது ஏட்டில் கிடந்தது. 2003 ஆகஸ்டில் அதைக் கண்டிப்பாக நடைமுறைப்படுத்தும்படி அரசு உத்தரவிட்டது. கிராமத்து மக்கள் மனம் நொந்தார்கள். "எங்கள் குலசாமியை எப்படிக் கும்பிடுவது என்று எங்களுக்கு அதிகாரி வந்து சொல்வதா?" என்று கேட்டார்கள். 2004-ல் அந்தச் சட்டமே நீக்கப்பட்டது.

அதிகாரத்தால் தாழ்த்தி வைக்கப்பட்டவனிடம் அதிகாரத்தோடே போனால் அவன் கதவை அடைத்துக்கொள்வான். அய்யா காவலரை அழைத்துப் பலியை நிறுத்தவில்லை. அன்பால் நிறுத்தினார், அதனால் அது இன்றும் நிற்கிறது.

சட்டத்தால் பயனே இல்லை என்று இதற்குப் பொருள் அல்ல. கலாக்ஷேத்ராவை உண்டாக்கிய ருக்மிணி தேவி அருண்டேல் மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது மிருகங்களுக்காகத் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். அந்த முயற்சியின் வழியே 1960-ல் மிருகவதைத் தடைச் சட்டம் பிறந்தது. 1962-ல் விலங்கு நல வாரியம் அமைந்தபோது அவரே அதன் தலைவரானார். உயிர்களிடம் இரக்கம் காட்டுவது குடிமக்களின் கடமை என்று நம் அரசியல் சாசனமும் 51-ஏ பிரிவில் சொல்கிறது. மாட்டை அடித்து வதைப்பது, தாங்காத பாரம் ஏற்றுவது, வண்டியில் திணித்துக் கொண்டுபோவது எல்லாம் குற்றம். ஆனால் மத வழக்கப்படி கொல்வதை அந்த 1960-ஆம் ஆண்டுச் சட்டம் குற்றமாக்கவில்லை. ஆகையால் பக்கத்து வீட்டுக்காரரைப் போலீஸ் பெயர் சொல்லி மிரட்டாதே. அங்கே உனக்குத் துணை அன்பு ஒன்றே.

கறியை விட்டவனைக் கலி பிடிக்கும் இடம்

இப்போது சொல்வதைக் கூர்ந்து கேள். கறியை விட்டவனுக்குக் கலி ஒரு புதுக் கண்ணி வைத்திருக்கிறது. அதன் பெயர் பெருமை. "நான் சுத்தம், அவன் அசுத்தம்" என்று அது காதில் ஓதும். இந்த நாட்டில் உணவைக் காட்டித்தான் ஒருவனை வாசலில் நிறுத்தினார்கள். இன்னது தின்கிறவன் இந்தக் கிணற்றைத் தொடாதே என்றார்கள். அதை உடைக்கத்தான் அய்யா எல்லாச் சாதியாரும் ஒரே கிணற்றில் நீர் எடுக்க முத்திரிக் கிணறு கண்டார், கூடி உண்ணச் செய்தார். கறி தின்பவனை அருவருத்து விலகி உட்கார்ந்தால், நீ ஆட்டைக் காப்பாற்றி அய்யாவை இழந்தவன் ஆவாய்.

ஆடு வளர்த்து அதை விற்றுப் பேத்திக்குப் பள்ளிக் கட்டணம் கட்டும் கிழவியை உங்கள் ஊரில் பார்க்கலாம். அவளுக்கு வங்கி அந்த நாலு ஆடுதான். ஆட்டின்மேல் இரக்கம் உண்டு, அவள்மேல் இல்லை என்றால் அது இரக்கமே அல்ல. சத்துணவில் முட்டை தின்னும் ஏழைப் பிள்ளையின் தட்டைப் பார்த்து முகம் சுளிக்காதே. முட்டை வேண்டாம் என்பவருக்கு அங்கே வாழைப்பழம் தருகிறார்கள். உனக்கு வேண்டியதை நீ வாங்கிக்கொள், அவன் தட்டை அவனுக்கு விட்டுவிடு. உன் தட்டுக்கு மட்டுமே நீ அதிகாரி.

அப்படியானால் எப்படிப் பேசுவது?

முதலில் உன் தட்டால் பேசு. வீட்டில் அம்மா உனக்காகத் தனியே சமைக்க வேண்டியிருந்தால் அவளுக்கு அது கூடுதல் வேலை. நீயே அடுப்படிக்குப் போ. கீரை ஆய்ந்து கொடு, பருப்பை வேகவை. "பிள்ளை கறியை விட்டதும் வீட்டுக்கு உதவியாக இருக்கிறான்" என்று அவள் வாயால் வரட்டும். ஆயிரம் பேச்சு அதற்கு ஈடாகாது.

இரண்டாவது, உன் தெருவில் பேசு. கோடையில் வாசலில் ஒரு தொட்டித் தண்ணீர் வை. அடிபட்டு விழுந்த நாயைக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோ. சந்தைக்குப் போகும் வண்டியில் கால் மடங்கிக் கிடக்கும் கன்றைக் கண்டால் வண்டிக்காரரை, "அண்ணா, கொஞ்சம் நிறுத்தி அதைத் தூக்கி நிறுத்துங்கள்" என்று மரியாதையோடு கேள்.

மூன்றாவது, கல்லூரியில் பேசு. விலங்கியல் படிக்கும் பிள்ளை தவளையை அறுக்க மனம் வராமல் தவித்த காலம் இருந்தது. அறுத்துப் பார்க்கும் பாடத்தைக் கைவிடும்படி பல்கலைக்கழக மானியக் குழு 2014-ல் அறிவித்தது. கேட்ட குரல்கள் வீண்போகவில்லை. ஆசிரியரிடம் பணிவோடு கேட்பதற்கு வெட்கப்படாதே.

நான்காவது, ஊர்த் திருவிழாவில் பேசு. அரிவாள் ஓங்கும் நேரத்தில் குறுக்கே போய் நிற்காதே. அது சண்டையில் முடியும். மாதக்கணக்கில் முன்னதாகவே பெரியவர்களிடம் போ. "தாத்தா, இந்த வருஷம் நம் வீட்டுக் கிடாய்க்கு ஆகும் பணத்தில் நூறு பேருக்குச் சோறு போடுவோமா?" என்று கேள். மறுத்தால் அடுத்த வருஷமும் கேள். ஒரு வீடு சம்மதித்தால் ஒரு உயிர் பிழைத்தது, நூறு வயிறும் நிறைந்தது.

பிள்ளைகளே! அய்யாவின் முன் நாம் நிற்கும்போது கண்ணாடியில் தெரிவது நம் முகம். உனக்குள் நான் இருக்கிறேன் என்று அய்யா காட்டும் அடையாளம் அது. ஒரு கன்றின் கண்ணுக்குள்ளும் உற்றுப் பாருங்கள். அங்கேயும் உங்கள் முகம் சிறிதாகத் தெரியும். அந்தக் கண்ணாடியை உடைக்க யாருக்குக் கை வரும்?

எல்லா உயிரும் பயமின்றி வாழும் தர்மயுகம் ஒரே நாளில் வாராது. அது முதலில் ஒரு பிள்ளையின் தட்டில் வரும். பிறகு ஒரு வீட்டின் உலையில் வரும். பிறகு ஓர் ஊரின் திருவிழாவில் வரும். மொரப்பூர்ப் பிள்ளைகள் அதற்கு முதல் அடி வைக்கட்டும். அடி வைக்கும் பாதத்துக்கு அய்யா துணை நிற்பார்.

அய்யா உண்டு!